நூற்று நாற்பத்தைந்து கிலோமீட்டர்

போன வாரம் நம் பள்ளித் தோழிகள் குழுவில் ஒருத்தி ஒரு படம் போட்டிருந்தாள். மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் செருகிய ஒரு பெரிய மோட்டார் சைக்கிள். 'தங்கச்சி கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு எடுத்தாச்சு' என்று கீழே எழுதியிருந்தாள். நீங்கள் அத்தனை பேரும் போட்டி போட்டுக்கொண்டு கட்டைவிரல் தூக்கினீர்கள். ஒருத்தி பூங்கொத்து வைத்தாள். இன்னொருத்தி, 'நம்ம காலத்துல மாதிரியே இன்னும் சீர் செய்றாங்கடி, எவ்ளோ அழகு' என்று உருகினாள்.

நான் எதுவும் போடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, துலக்கின பாத்திரத்தையே எடுத்து மறுபடி துலக்கினேன். நமக்கெல்லாம் முப்பத்தைந்து ஆகப் போகிறது. பாதிப் பேர் தலைக்குச் சாயம் பூசுகிறோம், மீதிப் பேர் முட்டிக்குத் தைலம் தேய்க்கிறோம். இந்த வயதிலாவது நம் காலம் எப்படி இருந்தது என்று ஒருத்தி வாயைத் திறக்க வேண்டாமா? நான் திறக்கிறேன். கோபமாகத்தான் சொல்வேன். பிடிக்காதவர்கள் இப்போதே குழுவை விட்டுப் போகலாம், நான் தடுக்க மாட்டேன்.

சுனாமி வந்ததற்கு அடுத்த ஆடி அது. எனக்குப் பதின்மூன்று வயது. கடலூரில், மஞ்சக்குப்பத்தில் வீடு. அப்பா பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். என்னைவிடப் பத்து வயது மூத்த அக்கா ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அவளுக்கு ஆவணியில் கல்யாணம். சீர் வரிசையில் முதல் பொருள் வண்டி. ஆடி மாதத்தில் வண்டி வாங்கக் கூடாதாம், அதனால் ஆனி முடிவதற்குள் வாங்கி, ஆடி முழுக்க எங்கள் வீட்டு முன்னறையில் நிறுத்தி வைத்தார்கள்.

ஊர் ஊராகச் சுற்றுவதற்கென்றே செய்த வண்டி. தாழ்ந்து அகன்ற சீட்டு, மார்புக்கு நேரே உயர்ந்து வரும் ஹேண்டில்பார், பின்னால் உட்காருகிறவர் சாய்ந்துகொள்ள ஒரு சின்ன மெத்தை. கறுப்பு டேங்கில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். அம்மா ஒரு பழைய போர்வையால் அதை மூடி வைத்திருந்தாள். நாங்கள் படுத்துக்கொண்டு டி.வி. பார்க்கும் இடத்தில் அது நின்றது. வீடு முழுக்கப் புது டயர் வாசனை, சாம்பாரில்கூட.

அதை யாரும் தொடக் கூடாது. அதற்குக் காரணம் மாப்பிள்ளையின் அப்பா. நிச்சயதார்த்தத்தன்று, தட்டு மாற்றுவதற்கு முன்னால், தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் சொன்னதை நான் கதவோரம் நின்று கேட்டேன்.

"எங்க பெரியவனுக்கு சீரா வந்த வண்டிய பொண்ணு வூட்டுக்காரங்க ஆறு மாசம் ஓட்டித் தேச்சிட்டுதான் குடுத்தாங்க. தாலி ஏறின பொறவுதான் தெரிஞ்சுது. அப்பறம் இன்னா பண்றது? இந்தத் தடவ நான் ஏமாற மாட்டேன். கல்யாணத்துக்கு மொத நாளு மண்டபத்துலயே மீட்டர பாப்பேன். ஓடியிருந்துச்சுன்னா எல்லாரையும் கூட்டிகினு அப்பிடியே கெளம்பிடுவேன். அப்பறம் சொல்லலன்னு சொல்லாதீங்க."

"ஒரு அடிகூட ஓடாது சம்மந்தி," என்றார் அப்பா.

கூடத்தில் உட்கார்ந்திருந்த இருபது பேரும் இது ரொம்ப நியாயம் என்பதுபோல் தலையாட்டினார்கள். கல்யாணப் பெண்ணைப் பற்றி யாரும் எதையும் கேட்கவில்லை. அவள் உள்ளே, அடுப்படி வாசலில், காபித் தட்டோடு நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்ற, கடையிலிருந்து வீட்டுக்கே வண்டியை மினி வேனில் ஏற்றித்தான் கொண்டுவந்தார். கடைக்காரர்கள் ஓட்டிப் பார்த்ததில் மீட்டரில் இரண்டு கிலோமீட்டர் இருந்தது. அதற்கு மாப்பிள்ளை வீட்டில் போனில் அனுமதி வாங்கினார்.

மாப்பிள்ளைக்குச் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் ஏதோ ஓர் ஆபீசில் வேலை. ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டு லேண்ட்லைனுக்குப் பேசுவார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். அந்தப் போனில் எதிர்ப்பக்கம் பேசுவது அறை முழுக்கக் கேட்கும்.

"வண்டிய மூடி வெச்சிருக்கீங்களா? எலி ஒயர கடிச்சிடப் போவுது."

"ம்."

"பள்ளிக்கூடத்துல வேலைய வுடறேன்னு எழுதிக் குடுத்துட்டியா?"

"இன்னும் இல்ல."

"சீக்கிரம் குடு. எங்க வூட்டுல பொம்பளைங்க வேலைக்குப் போற பழக்கம் இல்ல. டேங்க்ல ஸ்டிக்கர் எதுவும் ஒட்ட வேணாம்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

நாலு ஞாயிறு இதே பேச்சு. ஐந்தாவது ஞாயிறு அக்கா நேராக அப்பாவிடம் போனாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து யார் யாருக்கு முதலில் பத்திரிகை வைக்க வேண்டும் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு இந்த மாப்ள வேணாம்பா."

"பத்திரிக அடிக்கக் குடுத்தாச்சு."

"குடுத்துதான இருக்கு. நிறுத்திக்கலாம்."

"நாமளா நிறுத்தினா உன்னப் பத்தி ஊர்ல இன்னா பேசுவாங்க தெரியுமா? நான் நாளைக்கி பள்ளிக்கூடத்துக்குப் போக வேணாமா?"

"அவுங்களா நிறுத்தினா?"

"அவுங்க ஏன் நிறுத்தப் போறாங்க? பைத்தியம் மாரி பேசாத, போ."

அவ்வளவுதான் விசாரணை. அம்மாவோ, "ஆம்பளைக்கு வண்டி மேல ஆச இருக்கறது தப்பாடி?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அக்காவுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அப்பாதான். அவள் கல்லூரி படிக்கும்போது அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். மூன்று மாதம் அவருடைய பழைய மோட்டார் சைக்கிளில் அவரைப் பின்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது அக்கா. அப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம், "எனக்கு இது பொண்ணு இல்ல சார், பையன்" என்று மார்தட்டினார். கால் சரியானதும் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தனக்குத் தேவைப்படும்வரை மகள் பையன், தேவை தீர்ந்ததும் பொண்ணு. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆடிப்பெருக்கு நல்ல நாள் என்று அன்றைக்குத்தான் பத்திரிகை வைக்க ஆரம்பித்தார்கள். அப்பாவும் அம்மாவும் விடிந்ததும் பண்ருட்டி பஸ் பிடித்து, அண்ணாகிராமம் பக்கம் அப்பாவின் அக்கா ஊருக்குப் போய்விட்டார்கள். திரும்பி வரப் பொழுது சாய்ந்துவிடும். எங்கள் தெருவே சோற்று மூட்டைகளைக் கட்டிக்கொண்டு பெண்ணையாற்றுக்குப் போயிருந்தது. நான் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு நின்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உனக்கு இன்னிக்கி வயித்துவலி," என்றாள்.

"இல்லியே."

"இருக்கு. பைய வை. வா, வந்து ஒரு கை புடி."

போர்வையை உருவினாள். வாசற்படியில் பலகை போட்டு இரண்டு பேருமாக வண்டியை இறக்கினோம். அது கன்று போட்ட எருமை மாதிரி அசைய மறுத்தது. தெருமுனைவரை தள்ளிக்கொண்டே போனாள். துப்பட்டாவை எடுத்து முகத்தைச் சுற்றிக் கட்டினாள். கண் மட்டும் தெரிந்தது. பட்டனை அழுத்தினாள். வண்டி அதட்டாமல், அடிவயிற்றிலிருந்து பேச ஆரம்பித்தது. நான் ஏறி உட்கார்ந்ததும் சீட்டின் பிளாஸ்டிக் உறை கிறீச்சென்றது. அன்றைக்கு முழுக்க அந்த உறை தொடையில் ஒட்டிக்கொண்டு கிறீச்சிட்டது.

பெட்ரோல் பங்கில் டேங்கைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த ஆள் அக்கம்பக்கம் பார்த்தார்.

"அண்ணன் எங்கம்மா?"

"எந்த அண்ணன்?"

"வண்டிக்காரரு."

"நாந்தான் வண்டிக்காரி. டேங்க ரொப்புங்க."

அவர் ரொப்பினார். பழைய நகரத்துக் கடைவீதியைத் தாண்டும்போதுதான் நான் அக்காவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். வட்டக் கண்ணாடிக்குள் வெள்ளை எண்கள் மெல்ல உருண்டுகொண்டிருந்தன. பதறிப் போனேன்.

"அக்கா, மீட்டர் ஓடுது! கேபிள கழட்டிட்டா ஓடாதாம். சைக்கிள் கட அண்ணன் சொல்லிச்சு."

"ஓடட்டும் வுடு."

"அவுங்க பாத்தா?"

"வண்டின்னா ஓடத்தான செய்யும்."

எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. பதின்மூன்று வயதில் அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ரசாயன ஆலைகள் இருக்கும் பகுதி வந்ததும் வழக்கம்போல் மூக்கைத் துளைக்கும் நாற்றம். பஸ்ஸில் போனால் அதைத் தாண்டுவதற்குள் வாந்தி வந்துவிடும். அக்கா, "மூச்ச புடிச்சிக்கடி!" என்று கத்திவிட்டு முறுக்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். மூச்சு முட்டிக் கண்ணைத் திறந்தபோது நாற்றம் பின்னால் போயிருந்தது, முன்னால் சவுக்குத் தோப்பு. காற்று வாய்க்குள் புகுந்து கன்னத்தை ஊதியது. தோழிகளே, அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் நான் கோபமில்லாமல் பேசுவேன். அவ்வளவு நன்றாக இருந்தது. முந்திரித் தோப்பு, உப்புக்காற்று, புதுச்சத்திரம் பக்கம் சுனாமிக்கு அப்புறம் வரிசையாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரே மாதிரி வீடுகள், எல்லாமே பஸ் ஜன்னலில் பார்த்ததுதான். ஆனால் பஸ்ஸில் அவை வெளியே இருந்தன. அன்றைக்கு நாங்களும் வெளியே இருந்தோம்.

ஒரு டவுன் பஸ்ஸை அக்கா முந்தினாள். ஜன்னலில் இருந்த தலைகள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பின. கண்டக்டர் படிக்கட்டில் நின்றுகொண்டு, "மெதுவா தம்பி, மெதுவா!" என்று கத்தினார். அக்கா வண்டியை ஓட்டியபடியே சிரித்தாள். முதுகு குலுங்கியதில் எனக்குத் தெரிந்தது.

வெள்ளாற்றுப் பாலத்தின் நடுவில் நிறுத்தினாள். கீழே இறால் பிடிக்கும் படகுகள். முகத்துத் துப்பட்டாவை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

"இங்கதான மாப்ள வூட்டு ஆளுங்க ஜாஸ்தி. பாத்துட்டா?" என்றேன்.

"பாக்கட்டும்."

சொந்த ஊரில் முகத்தை மூடினவள், அவர்கள் ஊரில் திறந்துகொள்கிறாளே என்று விசித்திரமாக இருந்தது. கேட்கத் தோன்றவில்லை. சிதம்பரத்தில் இட்லியும் கொத்சும் சாப்பிட்டோம். கத்திரிக்காய் கொத்சு, நாக்கில் புளிப்பும் காரமும் போகவே இல்லை. பிறகு அண்ணாமலை நகரில் குவார்ட்டர்ஸ் தெருக்களுக்குள் நுழைந்து, ஒரு வீட்டின் முன் நிறுத்தினாள். மாப்பிள்ளை வீடு. கேட்டில் பூட்டு.

அக்கா ஹாரன் அடித்தாள். விட்டு விட்டு, நாலு முறை. பக்கத்து வீட்டிலிருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்தார்.

"அவுங்க குமராட்சிக்கிப் போயிருக்காங்க, சொந்தக்காரங்களுக்குப் பத்திரிக வைக்க. நீங்க யாரும்மா?"

"இந்த வண்டிய காட்ட வந்தோம்."

"ஷோரூமுலேர்ந்தா? இப்பல்லாம் பொம்பளைங்களையும் வேலைக்கு வெச்சிருக்காங்களா?"

அக்கா ஹாரனிலிருந்து கையை எடுத்தாள். "வண்டி வந்துட்டு போச்சுன்னு சொல்லுங்க," என்றாள். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். சொன்னாரோ இல்லையோ, அதைப் பற்றி அப்புறம் ஒரு பேச்சும் வரவில்லை. அக்கா உடனே கிளம்பவில்லை. கால்களை ஊன்றி வண்டியில் உட்கார்ந்தபடியே அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ விளையாட்டு என்று நான் நினைத்தேன்.

கொள்ளிடக் கரையில் திருவிழாக் கூட்டம். புதுப் பெண்கள் மாப்பிள்ளைகளோடு வந்து கல்யாண மாலைகளை ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் முழுக்க வாடின சம்பங்கி. முன்பின் தெரியாத ஒரு குடும்பம் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் புளிச்சாதமும் தேங்காய்ச்சாதமும் இலையில் வைத்தது. அந்த வீட்டுப் பெரியம்மா எங்கள் இருவர் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு கட்டினார்.

"அடுத்த ஆடிக்கு புருஷனோட வந்து சேரணும்," என்று அக்காவை வாழ்த்தினார்.

"வண்டியோட வர்றேன் பெரீம்மா."

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும்தான். நான் இன்னொரு உருண்டை தேங்காய்ச்சாதம் வாங்கிக்கொண்டேன்.

மத்தியானம் கிள்ளைப் பக்கம் போனோம். ஒரு பக்கம் உப்பங்கழி, இன்னொரு பக்கம் பொட்டல், நடுவில் ஆளில்லாத தார்ச்சாலை. அங்கே என்னை முன்னால் உட்கார வைத்தாள். என் கால் தரைக்கு எட்டவில்லை. அவள் பின்னாலிருந்து கால்களை ஊன்றிக்கொண்டு, என் கைகளின்மேல் கைகளை வைத்தாள்.

"டயர பாக்காத. வுழுந்துடுவ. தூரத்த பாரு. அங்க தெரியுதே கொக்கு, அத பாரு."

கிளட்சை விட்டேன். வண்டி நகர்ந்தது. நான் ஓட்டினேன். கொக்கு பறந்தது, அப்புறமும் ஓட்டினேன். அவள் எப்போது கையை எடுத்தாள் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்காமல், "அக்கா, கை எங்க?" என்று அலறினேன். "மேல!" என்று கத்தினாள். இரண்டு கைகளையும் காற்றில் தூக்கிக்கொண்டு, பின்னால் உட்கார்ந்து, அவள் ஊளையிட்டுச் சிரித்தாள். கணக்கு டீச்சர். இருபத்து மூன்று வயது. அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதற்குப் பின்னும் கேட்டதில்லை.

நாலரை மணிக்கெல்லாம் வீடு வந்துவிட்டோம். சேற்றைத் துடைத்து, பலகை போட்டு ஏற்றி, போர்வையைப் போர்த்தினோம். மூடுவதற்கு முன் நான் மீட்டரைப் பார்த்தேன். நூற்று நாற்பத்தேழு. இரண்டைக் கழித்தால் நூற்று நாற்பத்தைந்து. அவளும் பார்த்தாள். பரீட்சைத் தாளைத் திருத்தி முடித்தவள்போல் நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அக்கா ஆளே மாறிவிட்டாள். சாப்பிட்டாள், ஜோக் அடித்தாள், ரவிக்கைக்கு அளவு கொடுத்தாள். வேலையை விடுவதாக மட்டும் எழுதிக்கொடுக்கவில்லை, அதை யாரும் கவனிக்கவும் இல்லை. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா, பொண்ணு மனசு மாறிட்டா," என்று அப்பாவிடம் பூரித்தாள். அப்பா மீசைக்குள் சிரித்துக்கொண்டார். ஒரு பெண் சிரித்தால் நாம் சொன்னது அவளுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் அர்த்தமா? வேறு காரணமே இருக்கக் கூடாதா? இருபத்து மூன்று வருஷம் வளர்த்தவர்களுக்கு அதுகூடத் தெரியவில்லை. அவள் தனக்குத் தெரிந்த கணக்கைப் போட்டு முடித்துவிட்டு, விடைக்காகக் காத்திருந்தாள்.

கெடுத்தது நான்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருந்தது. உறவுக்காரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். அப்பாவின் அக்கா, என் அத்தை, பலாக்கொட்டை உரித்துக்கொண்டே யார் வீட்டிலோ மண்டபத்தில் கல்யாணம் நின்றுபோன கதையைச் சொன்னாள்.

"எந்தம்பிக்கி அப்பிடி ஒண்ணு நடந்தா இன்னா பண்ணுவான் தெரியுமா? மொதல்ல பொண்ண வெட்டிப் போட்டுருவான். அப்பறம் அவன் கயித்துல தொங்கிருவான்."

இதைச் சொல்லிவிட்டு, கொட்டை வேக எவ்வளவு நேரமாகும் என்று அம்மாவிடம் கேட்டாள். மீட்டர், மண்டபம், மாப்பிள்ளையின் அப்பா எல்லாம் அப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்து என் மண்டையில் ஏறியது. இரண்டு நாள் வைத்துக்கொண்டு தவித்தேன். மூன்றாம் நாள் காலையில் அப்பா தனியாக இருந்த நேரம் பார்த்து எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். பெட்ரோல் பங்க், பூட்டிய கேட்டு, கொள்ளிடம், எல்லாம்.

அப்பா திட்டவில்லை. அடிக்கவில்லை. போர்வையைத் தூக்கிப் பார்த்தார்.

"நூத்தி நாப்பத்தேழு கிலோமீட்டரு. ஒத்தையாவா ஓட்டினா? இந்த வண்டியவா?"

அந்த ஒரு நொடி அவர் முகத்தில் பெருமை இருந்தது. நான் பார்த்தேன், சத்தியம். அப்புறம் அது அணைந்துவிட்டது.

"யாராச்சும் பாத்தாங்களா?" என்று கேட்டார்.

ஏன் ஓட்டினாள் என்று கேட்கவில்லை. அவர்கள் வீட்டுக்கே ஏன் போய் ஹாரன் அடித்தாள் என்று கேட்கவில்லை. ஒரு தலைமையாசிரியருக்கு இந்தச் சின்னக் கணக்குப் புரியாதா? புரிந்திருக்கும். புரிந்ததால்தான் கேட்கவில்லை.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, பழைய கார் வாங்கி விற்கும் புரோக்கர். "இதெல்லாம் ஒரு மேட்டரா மாமா?" என்றார் அப்பாவிடம். அக்காவை அம்மாவோடு தையல் கடைக்கு அனுப்பிவிட்டு, வண்டியை மினி வேனில் ஏற்றி, தார்ப்பாயால் மூடி, பழைய நகரத்தில் ஒரு மீட்டர் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனார்கள். என்னையும் கூட்டிப் போனார்கள். கடைக்காரர் மீட்டரைக் கழற்றி, கண்ணாடியை நெம்பி எடுத்தார். எண்கள் எழுதிய குட்டிக் குட்டிச் சக்கரங்கள் உள்ளே வரிசையாக இருந்தன. ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு, "மொதல்ல எவ்ளோ இருந்துச்சு?" என்று கேட்டார்.

அந்தப் பதற்றத்தில் அப்பாவுக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. மாமாவுக்குத் தெரியாது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ரெண்டு," என்றேன்.

அந்த ஆள் ஊசியால் ஏழைத் தள்ளினார், நாலைத் தள்ளினார், ஒன்றைத் தள்ளினார். வெள்ளாறு போயிற்று, கொள்ளிடம் போயிற்று, கிள்ளைக் கொக்கு போயிற்று. ரேங்க் கார்டில் மூன்றை எட்டாகத் திருத்தின ஒரு பையனை அதே வருஷம் பிரேயரில் நிற்க வைத்து விளாசியவர் என் அப்பா. அவர் குனிந்து, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, பூஜ்யங்கள் நேராக இருக்கின்றனவா என்று சரிபார்த்தார்.

வரும் வழியில் எனக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். "அக்காகிட்ட எதுவும் சொல்லாத. சந்தோஷமா இருக்கா, இருக்கட்டும்," என்றார். நான் அந்த மிட்டாயைத் தின்றேன். அதற்காகவும் என்மேல் எனக்குக் கோபம்தான்.

இப்போது அக்கா நன்றாக இருக்கிறாளா என்று கேட்பீர்கள். நன்றாகத்தான் இருக்கிறாள், நம் ஊரில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தமோ அந்த அர்த்தத்தில். இரண்டு பிள்ளைகள். வேலைக்குப் போகவில்லை. அந்த வண்டியை மாப்பிள்ளை பத்து வருஷத்துக்கு மேல் வைத்திருந்தார். அக்கா பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, புடவைத் தலைப்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு கல்யாணங்களுக்குப் போய் வந்தாள். அவளுக்கு ஓட்டத் தெரியும் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. இவ்வளவுதான். மண்டபத்தில் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள், சாயங்காலம். மண்டப வாசலில் வண்டியை நிறுத்தி மாலை போட்டிருந்தார்கள். மணப்பெண் அறை மாடியில். அக்கா பாதி அலங்காரத்தோடு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். மறுநாள் அவள் கொண்டுபோக வேண்டிய சூட்கேஸ் கட்டிலின்மேல் காலியாகத் திறந்து கிடந்தது. அடுக்க வேண்டிய புடவைகள் பக்கத்தில் குவியலாக இருந்தன. அம்மா மூன்று முறை வந்து சொல்லியும், "அப்பறம்மா, அப்பறம்" என்று சிரித்துக்கொண்டே தட்டிக் கழித்திருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். ஆரத்தி எடுத்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா நேராக வண்டியிடம் போனார். மாலையை ஒதுக்கினார். தோள் துண்டால் மீட்டர் கண்ணாடியைத் துடைத்தார். குனிந்தார். அக்கா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

நிமிர்ந்தபோது அவர் முகமெல்லாம் பல்.

"சம்மந்தி சொன்ன சொல்லு தவறாதவரு! அதே ரெண்டுதான்!" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அப்பா கைகூப்பினார். நாதஸ்வரக்காரர் அதற்கென்றே காத்திருந்ததுபோல் ஆரம்பித்தார்.

அக்கா கம்பியை விடவில்லை. கீழேயே பார்த்தபடி, ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"நீயா சொன்ன?"

"ஆமாக்கா. கல்யாணம் நின்னா அப்பா உன்ன வெட்டிடுவாருன்னு அத்த சொன்னாங்க. பயந்துட்டேன்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை. அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

"வெட்ட மாட்டாருடி. அடிச்சிருப்பாரு," என்றாள். "ஒரு நாளு அடிச்சிருப்பாரு. அவ்ளோதான?"

பிறகு கட்டிலுக்குப் போய், குவியலிலிருந்து முதல் புடவையை எடுத்து, முனையோடு முனை சேர்த்து மடித்து, சூட்கேஸில் வைத்தாள்.